கோவை வீட்டில் அந்துப்பூச்சி ஆர்க்கிட்: ஏசியா, ஏர் கூலரா, கோத்தகிரியா?

வடவள்ளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியில், இரண்டு அந்துப்பூச்சி ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. ஒன்று வெள்ளை, இன்னொன்று கத்தரிப்பூ நிறம். வெள்ளையை நர்சரியில் 650 ரூபாய் கொடுத்து, பூவோடு வாங்கி வந்தேன். மூன்று மாதம் ஒரு பூ வாடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிளாஸ்டிக் பூ என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். நாலாவது மாதம் பூ ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் வெறும் இலைதான். இலை மட்டும் நல்ல தடிமனாக, எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. ஊரிலிருந்து வந்த அமுச்சி (அம்மாவின் அம்மா) அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதே எடத்துல ஒரு கறிவேப்பிலையை வெச்சிருந்தா ரசத்துக்காவது ஆயிருக்குமே" என்றார்.

இந்தச் செடியை வாங்கியவர்களில் பாதிப்பேர் வீட்டில் இதே கதைதான். செடி சாகவில்லை, பூக்கவும் இல்லை. கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றே: "ராத்திரி குளிர் காட்டுங்க, பூத்தண்டு வந்துரும்." நானும் அதை நம்பி இரண்டு மார்கழி முழுக்க செடியைப் படுக்கையறையில் வைத்து, இரவெல்லாம் ஏசி ஓடவிட்டு, காலையில் பால்கனிக்குத் தூக்கிப் போனேன். மின்கட்டணம் ஏறியது, எனக்குச் சளி பிடித்தது. செடி அசையவில்லை.

கோளாறு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. பெலனாப்சிஸ் (அந்துப்பூச்சி ஆர்க்கிட்டின் தாவரவியல் பெயர்) பூப்பதை முடிவு செய்வது இரவு வெப்பநிலை இல்லை, பகல் வெப்பநிலை என்பதுதான் அதன் தலைப்பே. பகலில் 29 டிகிரி வைத்துவிட்டு இரவை 17 வரை இறக்கிப் பார்த்தார்கள். பூத்தண்டு வருவது தடைபட்டது. பகல் 26-க்குக் கீழே இருந்த செடிகள் தண்டு விட்டன. பண்ணைக்காரர்களின் வழக்கமும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. தைவானிலும் நெதர்லாந்திலும் செடி முதிரும்வரை 28 டிகிரிக்குக் குறையாமல் வைத்து இலை வளர்ப்பார்கள். விற்பனைக்குப் பூ வேண்டும் என்கிற நேரத்தில் கண்ணாடிக் கூடத்தைக் குளிர்வித்து 25-க்குக் கீழே கொண்டுவருவார்கள். அதாவது பூக்காமல் வைத்திருக்க அவர்கள் எதைச் செய்கிறார்களோ, அதை நம்மூர் வெயில் காசு வாங்காமல் வருடம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

இது வெப்பமண்டலச் செடிதானே, வெயில் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காடுகளில் மரக்கிளையில் தொற்றி வளர்வதுதான். 1825-இல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்த கிரேக்கப் பெயருக்கே 'அந்துப்பூச்சி போன்றது' என்றுதான் பொருள். வெயிலில் அது நன்றாகவே வளரும். வளர்வதற்கு ஒரு கணக்கு, பூப்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பகல் 25, 26-க்குள் நாலைந்து வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் இலைக்கணுவில் தூங்கும் மொட்டு விழிக்கும்.

கோவைக்காரர்களுக்கு நம் ஊர்க் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அதிகம். மார்கழியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கும்போது நாமெல்லாம் ஊட்டிக்காரர்கள் மாதிரிதான். கணக்கைப் பார்த்தால், டிசம்பர் இரவு 19 டிகிரிக்கு இறங்குகிறது, சரி. பகல் 29, 30. ஜனவரியிலும் அதே. செடி பார்ப்பது அந்தப் பகலை. ஆகவே "எங்கே வைத்தால் குளிரும்" என்பது கேள்வியே இல்லை. காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை 26-ஐத் தாண்டாத இடம் உங்கள் வீட்டில் எது? நான் ஒப்பிட்டுப் பார்த்த வழிகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான். எதிலும் இறங்குவதற்கு முன்னால், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். உரத்துக்கும் டானிக்குக்கும் கொடுக்கும் காசைவிட அதற்குக் கொடுக்கும் முந்நூறு, நானூறு ரூபாய் உருப்படியான செலவு.

முதலில் ஒன்றும் செய்யாமல் பருவத்தின் கையில் விட்டுவிடும் வழி. இது நீங்கள் கொங்குநாட்டில் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்கே மலையடிவாரத்தில், ஆனைமலை, ஆலாந்துறைப் பக்கம் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெயிலே தலைகாட்டாமல் ஒரு வாரம் போகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்திலும் மந்தாரம் போட்டுக்கொண்டிருக்கும். அங்கே சில வருடம் தானாகவே பூத்துவிடும். கிழக்கே போகப் போக, காங்கேயம், கரூர் என்று, இந்த வழியை மறந்துவிடலாம். பழைய வீடு இருந்தால் மட்டும் ஒரு சலுகை உண்டு. கோபிக்குப் பக்கத்தில் அமுச்சி வீடு ஓடு வேய்ந்த தொட்டிக்கட்டு வீடு, சுவர் ஒன்றரை முழ அகலம். போன டிசம்பரில் அங்கே ஆசாரத்தில், அதாவது கூடத்தில், தெர்மாமீட்டரை ஒரு வாரம் தொங்கவிட்டேன். வாசலில் 30 காட்டிய பகலில் உள்ளே 26.4. கிட்டத்தட்டத் தேறிவிட்டது. வெளிச்சம்தான் இல்லை. அந்த வீட்டில் பகலிலேயே லைட் போட்டால்தான் பஞ்சாங்கம் படிக்க முடியும். வெளிச்சம் குறைந்தால் எத்தனை குளிர் காட்டினாலும் இந்தச் செடி தண்டு விடாது. தொட்டியோரத்தில், வானம் தெரிகிற இடத்தில் வைத்தால் நடக்கலாம். ஆனால் அங்கே அமுச்சியின் வடகமும் மிளகாயும் காய்கிறது. என் ஆர்க்கிட்டுக்கு இடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வெளிச்சத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விழ வேண்டும், ஆனால் விரல்களின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். நிழலே விழவில்லை என்றால் இருட்டு. கத்தியால் வெட்டிய மாதிரி நிழல் விழுந்தால் இலை கருகும். இலை கரும்பச்சையாக அழகாக இருக்கிறதே என்று பெருமைப்படாதீர்கள், அது வெளிச்சத்துக்கு ஏங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் வெளிர்ப் பச்சைதான் பூக்கிற செடியின் நிறம்.

அடுத்தது ஏசி. பகலில் ஏசி ஓடும் அறை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், உதாரணமாக வீட்டிலிருந்தே வேலை செய்பவர் இருந்தால், இதைவிடச் சுலபமான வழி இல்லை. 24-இல் வைத்து, சன்னலோரம் செடியை வைத்து, நாற்பது நாள் மறந்துவிடலாம். செடிக்காக மட்டும் ஏசி போடுவது வேறு கதை. ஒரு டன் ஏசி அந்தப் பருவத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு யூனிட் இழுக்கும். நாற்பது நாளில் இருநூறு யூனிட்டைத் தாண்டிவிடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பம் என்றால், கோட்டைத் தாண்டியதும் கட்டண விகிதமே மாறிவிடும். அந்தக் காசுக்குப் பூத்த செடியாகவே இன்னொன்று வாங்கலாம். இன்னொரு சங்கடமும் உண்டு. ஏசி ஓடுகிற அறையில் நாம் திரையை இழுத்து மூடிவிடுவோம், வெளிச்சம் போய்விடும். காற்றின் ஈரத்தையும் ஏசி உறிஞ்சிவிடும், வேர் சுருங்கும். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தண்ணீர் தொட்டியின் அடியைத் தொடக் கூடாது.

எனக்கு வேலைக்கு ஆனது மூன்றாவது வழி, ஏர் கூலர். யாரும் யோசிக்காத வழி என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் கூலரைச் சித்திரையில் இறக்கி ஆடியில் பரணுக்கு ஏற்றிவிடுகிறோம். மார்கழியில் கூலர் போட்டால் வீட்டில் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் கணக்கு அதன் பக்கம்தான் இருக்கிறது. கூலர் செய்வது மண்பானை செய்கிற அதே வேலை. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். சித்திரையில் 37 டிகிரியை அது 28-க்கு இறக்கினால் நமக்குச் சுகம், செடிக்குப் பிரயோசனம் இல்லை. டிசம்பர் கடைசி, ஜனவரியில் நடுப்பகலில் 30 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஈரத் தட்டி வழியாக வரும் காற்று 24, 25-க்கு வந்துவிடும். செடி கேட்பது சரியாக அதைத்தான். மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம், கூலர் குளிராது. ஆனால் மழை நாளில் அது தேவையும் இல்லை.

ஏசியோடு ஒப்பிட்டால் இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கூலருக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று போக வழி இல்லாவிட்டால் அறை புழுங்கிவிடும். சன்னல் திறந்தால் வெளிச்சமும் தானாக வந்துவிடுகிறது. மின்சாரம் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. நாற்பது நாளைக்கு அறுபது யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு தண்ணீரில்தான். ஒரு நாளைக்கு இரண்டு குடம் ஊற்ற வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் குழாயில் வருவது போர் தண்ணீர். பத்து நாளில் தட்டி முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து கழுவாவிட்டால் பாசி நாற்றமும் வரும், கொசுவும் வரும். அப்புறம், கூலர் காற்று செடியின்மேல் நேராக அடிக்கக் கூடாது. ஐந்தாறு அடி தள்ளி, பக்கவாட்டில் வைத்தேன். ஒரு இலைநுனி மெதுவாக ஆடுகிற அளவு போதும்.

போன வருடம் தீபாவளி முடிந்து நாலாம் நாள் கத்தரிப்பூ நிறச் செடியை அப்படி வைத்தேன். முப்பத்தொன்பதாவது நாள் காலையில் மேலிருந்து மூன்றாவது இலைக்கு அடியில் ஒரு பச்சை முனை தெரிந்தது. அரிசி அளவுதான். வேரா, பூத்தண்டா? இந்தச் செடி வளர்ப்பவர்களின் பாதித் தூக்கம் இந்த ஒரு சந்தேகத்தில் போய்விடும். வேர் என்றால் நுனி உருண்டையாக, வழுவழுப்பாக, பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். கொஞ்சம் நீண்டதும் பின்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரி ஆகிவிடும். பூத்தண்டு என்றால் நுனி சப்பையாக, ஒரு பக்கம் சின்னப் பிளவோடு, குழந்தைக் கையுறை மாதிரி இருக்கும். இலையின் நடுநரம்புக்குச் சற்று ஓரமாகக் கிளம்பி வெளிச்சம் பார்த்து மேலே திரும்பும். நாலு நாள் பொறுத்தால் தெரிந்துவிடும். நான் மூன்றாவது நாளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கையுறைதான்.

தீபாவளி முடிந்ததும் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்டு தெரிந்த பிறகு பூ மலர இன்னும் இரண்டரை, மூன்று மாதம் ஆகும். பொங்கலுக்கு அப்புறம் குளிர் காட்ட ஆரம்பித்தால், தண்டு விரலளவு இருக்கும்போதே மாசி வெயில் வந்துவிடும். இளந்தண்டு கடுமையான சூட்டில் மாட்டினால் மனசு மாறிவிடும். மொட்டு வர வேண்டிய கணுவில் இலையும் வேருமாகக் குட்டிச் செடி முளைக்கும். குட்டி வந்தால் சந்தோஷம்தான், ஆனால் நாம் காத்திருந்தது அதற்கல்ல.

நாலாவது வழி மலைக்கு அனுப்புவது. உறவுக்காரர் யாராவது மலையில் இருந்தால் மட்டுமே இது நடக்கும். கொங்குநாட்டில் யாருக்குத்தான் குன்னூரிலோ வால்பாறையிலோ ஏற்காட்டிலோ ஒரு சொந்தம் இல்லை? எனக்குக் கோத்தகிரியில் சித்தி இருக்கிறார். முதல் முறை நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். குளிர்தானே வேண்டும் என்று மார்கழியில் கொண்டுபோய் வைத்தேன். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மார்கழி இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். இந்தச் செடிக்கு 12-க்குக் கீழே போனாலே ஆபத்து. இரண்டு வாரத்தில் இலையில் தண்ணீர் கோத்த மாதிரி புள்ளிகள், அப்புறம் அவை குழிந்து கறுத்தன. இரண்டு இலை போயிற்று. சித்தி போனில், "செடி வெறைச்சுப் போயிருச்சு கண்ணு, கம்பளி போத்தி உடட்டுமா?" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

சரியான காலம் அதற்கு நேர் எதிர். ஏப்ரல், மே. கோவையில் 36 டிகிரியில் நாம் வெந்துகொண்டிருக்கும்போது கோத்தகிரி, குன்னூரில் பகல் 24, 25, இரவு 15. பண்ணைக்காரன் காசு கொட்டி உண்டாக்கும் வெப்பநிலை அங்கே சும்மா கிடக்கிறது. நாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோடை விடுமுறைக்கு மலையேறும்போது செடியையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை: பூத்தண்டும் கிளம்பும், நம்மூர் அக்னி நட்சத்திரத்திலிருந்தும் செடி தப்பிக்கும். இந்த ஏப்ரல் முதல் வாரம் வெள்ளைச் செடியை அட்டைப்பெட்டியில் நிறுத்தி, சுற்றிலும் செய்தித்தாள் திணித்து, மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். 2024 மே முதல் நீலகிரிக்குக் காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸில் செடிக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

மலைவழியில் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் நேரம். தண்டு தெரிந்ததும் ஆசையில் உடனே இறக்கிக் கொண்டுவரக் கூடாது. ஒரு சாண் நீளமாகி, நுனியில் மிளகு அளவு மொட்டுகள் தெரியும்வரை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஜூன் கடைசியில் கொண்டுவந்தேன். அதற்குள் இங்கே தென்மேற்குக் காற்று கிளம்பி வெயில் தணிந்திருந்தது. பானையில் சன்னல் பார்த்த பக்கம் எது என்று ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திசை மாற்றி வைத்தால் தண்டு முறுக்கிக்கொண்டு பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்.

சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்கு ஏற்காடு பக்கம். ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டர்தான், கோடைப் பகலில் கோத்தகிரி அளவுக்குக் குளிராது. அதனால் அங்கே ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பி, இரவில் வீட்டுக்குள் வைக்கச் சொல்வது நல்லது. வால்பாறைக்கும் இதே கணக்கைத்தான் சொல்வேன். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஒன்று இருக்கிறது. செடியை விடப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே நம் மலைகளின் சொந்த ஆர்க்கிட்டுகளைப் பார்க்கலாம். இந்த அந்துப்பூச்சி இனத்தின் சிறிய பூ உறவு ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உண்டு. காட்டில் கண்டால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், பிடுங்காதீர்கள். வீட்டில் அது பிழைக்காது.

செலவு என்று பார்த்தால் மலைவழிதான் மலிவு. ஆனால் இன்னொருவர் கையில் ஒப்படைப்பதில் ஒரு சிக்கல். சித்திக்குச் செடி என்றால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேர் அழுகாமல் இருக்க, வாரம் ஒரு முறைதான் ஊற்ற வேண்டும் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்து வந்தேன். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார், அது ஒரு புண்ணியம். உப்புத் தண்ணீரை இந்த வேர்கள் தாங்காது. கோவையிலேயே சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் கொடுத்து வைத்தவை. மற்றவர்கள் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுவதுதான் நல்லது. தொட்டியில் நிரப்பப் பொள்ளாச்சித் தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போதும். மட்டையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து அதன் உப்பையும் எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது ஒரு வழி இருக்கிறது. இந்தச் செடியையே விட்டுவிடுவது. கோபப்படாதீர்கள், இதுவும் கணக்கில் சேர வேண்டியதுதான். பகலில் 26-க்கு இறங்க வழியே இல்லாத வீடு என்றால் டெண்ட்ரோபியம் என்ற வேறு ஆர்க்கிட்டை வாங்குங்கள். நம் வெயிலைத் தாங்கும், நிழல்வலைக்குக் கீழே வருடத்தில் இரண்டு மூன்று முறை பூக்கும். பூ அந்துப்பூச்சி அளவு பெரிதில்லை, அவ்வளவு நாளும் நிற்காது. அந்துப்பூச்சியேதான் வேண்டும் என்றால், பெலினா, வயலேசியா என்ற வகைகளும் அவற்றின் கலப்புகளும் வெதுவெதுப்பிலேயே பூக்கும், வாசமும் உண்டு. கோவையில் கிடைப்பது அபூர்வம், விலையும் கூடுதல். பூத்த செடியை ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்கி, பூ முடிந்ததும் எறிந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

எந்த வழியில் போனாலும் கடைசிப் படியில் வழுக்கிவிடும் ஓரிடம் உண்டு. கூலர் வைத்துத் தண்டு வந்த அந்தக் கத்தரிப்பூ நிறச் செடியில் எட்டு மொட்டுகள் கட்டின. தைப்பொங்கலுக்கு ஊரிலிருந்து ஒரு பூவன் தார் வந்தது. கட்டித் தொங்கவிட வீட்டில் வேறு கொக்கி இல்லை என்று கூலர் அறையிலேயே தொங்கவிட்டோம். பழம் மஞ்சளாக மஞ்சளாக மொட்டும் மஞ்சளாயிற்று. நாலு நாளில் ஐந்து மொட்டு உதிர்ந்தது. பழுக்கும் வாழை விடுகிற எத்திலீன் வாயு மொட்டுக்கு எமன். நம்மூரில் தாரை மூட்டம் போட்டுப் புகை காட்டிப் பழுக்க வைப்பதும் அதே வாயுவின் வேலைதான். புகையிலும் எத்திலீன் இருக்கிறது. ஆகவே மொட்டுக் கட்டிய செடியைப் பழக்கூடைக்கும் சாம்பிராணிக்கும் போகி நெருப்புக்கும் தள்ளியே வையுங்கள். மிச்சமிருந்த மூன்று மொட்டுகள் பிப்ரவரி கடைசியில் மலர்ந்தன. அந்த மூன்றும் ஏப்ரல் முடியும்வரை நின்றன.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். பகலில் ஏசி எப்படியும் ஓடுகிற வீடு என்றால் அதோடு நின்றுவிடுங்கள், மற்றதை யோசிக்கவே வேண்டாம். மலையில் நம்பிக்கையான ஆள் இருந்தால் கோடைக்கு மேலே அனுப்புங்கள். இரண்டும் இல்லாமல், தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமக்கத் தயார் என்றால் கூலர். என் வீட்டில் இனி வெள்ளை கோடைக்குக் கோத்தகிரி, கத்தரிப்பூ நிறம் தீபாவளிக்கு அப்புறம் கூலர் என்று முறை வைத்துக்கொள்ளப் போகிறேன். அப்படி வைத்தால் வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும். எந்த வழிக்கும் செடி தயாராக இருக்க வேண்டும். நல்ல இலை நாலாவது இருக்க வேண்டும், வேர் அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். வாடி வதங்கிய செடிக்குக் குளிர் காட்டுவது, காய்ச்சல்காரனைக் கபடிக்கு அனுப்புகிற மாதிரி.

கீழ்வீட்டு அக்காவிடமும் இதே செடி ஒன்று மூன்று வருடமாக இலை வளர்த்துக்கொண்டிருக்கிறது. ஏசி இல்லை, கூலர் இல்லை, மலையில் சொந்தமும் இல்லை. டெண்ட்ரோபியம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு அறையிலும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நேற்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே வந்தார். ஹாலில் 29.8, படுக்கையறையில் 29.1, சமையலறையைச் சொல்லவே வேண்டாம். வாளியில் தண்ணீர் எப்போதும் நிறைந்து, தரை ஈரமாகவே இருக்கும் குளியலறைச் சன்னல் பக்கம் 26.0. "அதையும் கிழக்குப் பாத்துதான் வெச்சிருக்காங்கம்மிணி, ஆனா கண்ணாடியில பழைய பேப்பரை ஒட்டியிருக்கறனுங்க" என்றார். சோப்புத் தண்ணீர் கொண்டு ஊறவைத்து, இன்று காலையில் இரண்டு பேருமாக அந்தப் பேப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தோம்.